ஊர்க்கிணற்றுப் பாட்டிலில் நான் நிரப்பிய தண்ணீர்

மகளே,

வியாழக்கிழமை சாயங்காலம் ராமநாதபுரத்தில் நீ சென்னை ரயில் ஏறுவதற்குள் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்திருக்க வேண்டும். இன்று செவ்வாய். தபாலை நம்பி இருக்க முடியாது. நாளைக் காலை நானே பள்ளிக்கூடத்துக்கு வந்து உன் மேசையில் வைத்துவிட்டு, நீ தலை நிமிர்வதற்குள் போய்விடுவேன். நேரில் சொல்ல இரண்டு தடவை வந்தேன். முதல் தடவை நீ போனில் இருந்தாய். இரண்டாம் தடவை நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சித்தப்பா, என்ன வெசயம்?" என்று கேட்டாய். வாயைத் திறந்தேன். மாரியூர்க் கடற்கரையில் ஆள் உயரத்துக்குத் திருக்கை மீன் ஒதுங்கிய கதையைச் சொல்லி, டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அந்த மீன் ஆள் உயரமெல்லாம் இல்லை, முறம் அளவுதான் இருக்கும். என் வாய் அப்படி. எழுதினால் கை மெதுவாகப் போகிறது. ஒன்றைக் கூட்டிச் சொல்லப் போகிறேன் என்றால் எனக்கே முன்கூட்டித் தெரிந்துவிடுகிறது.

உறையை ஒட்டாமல்தான் தருகிறேன். நீ படித்ததும் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் இதைக் குத்திவிடு. நான் சொன்ன பொய்யை ஊரே கேட்டது, இதையும் ஊர் படிக்கட்டும். உன் சித்திக்கு இதில் சம்மதம் இல்லை. "புள்ளைகிட்டச் சொன்னாப் பத்தாதா? பலகையில வேற ஒட்டி ஊரைக் கூட்டணுமா? மனுசனுக்கு இதுலயும் ஒரு பெரும!" என்று அடுப்படியிலிருந்து இரைந்துகொண்டிருக்கிறாள். அவள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கும்போல.

உன் அய்யா கண்ணை மூடியபோது உனக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து உனக்குச் சித்தப்பனும் நான்தான், அய்யாவும் நான்தான். அண்ணன் மகளைத் தலைமையாசிரியர் நாற்காலிவரை கொண்டுபோய் உட்காரவைத்த ஏழாங்கிளாஸ்காரன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் என்று சாயல்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அங்கே சொல்லும்போது ஏழாங்கிளாஸ் என்று சொல்வதில்லை, பத்து என்பேன். உனக்கு அது தெரியும். ஆறாம் வகுப்பில் சேர்க்க ராமநாதபுரத்துக்கு உன்னைக் கூட்டிப் போன அன்று, விண்ணப்பத்தில் என் படிப்புக்கு நேரே பத்தாம் வகுப்பு என்று எழுதினேன். நீ எட்டிப் பார்த்து, அந்த அலுவலக அறையே கேட்கும்படி, "சித்தப்பா, நீங்க ஏழாப்புன்னுதான சொன்னீக? பத்துன்னு போட்டிருக்கீகளே?" என்றாய். எழுத்தர் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். பஸ்ஸில் ஊர் திரும்பும்வரை நான் உன்னோடு பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் நீயே என் பக்கத்தில் வந்து நின்று, "இனிமே எதையும் சொல்ல மாட்டேன் சித்தப்பா" என்றாய். நான் உடனே உனக்குச் சேவு வாங்கிக் கொடுத்தேன். உண்மை சொன்ன பிள்ளைக்கு முகத்தைத் திருப்பிக் காட்டிவிட்டு, வாயை மூடிக்கொள்கிறேன் என்று சொன்னதற்குச் சேவு வாங்கிக் கொடுத்தவன் நான். இத்தனை வருஷம் அது எனக்கு ஒரு தப்பாகவே தோன்றவில்லை. இந்த மாதம்தான் அது நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

போன ஆடிக் காற்றில் அந்த ஆராய்ச்சித் தம்பி முகிலன் ஒரு கார் நிறையப் பெட்டிகளோடு நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தானே, அன்று வாசலில் அவனை முதலில் பார்த்தது நான்தான். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்ததே எங்கள் குடும்பம்தான் என்று சொன்னேன். ஒரு வேப்பமரத்து நிழல் மட்டும்தான் நம்முடையது, அது போகட்டும். உள்ளே நீ அவனிடம் பேசியதை ஜன்னல் ஓரமாக நின்று கேட்டேன். "தம்பி, ஒங்களுக்கு முன்ன மூணு பேரு இப்பிடிப் பெட்டியோட வந்தாக. வந்தவுகளைக் காணோம், பெட்டி மட்டும் இருக்கு. அந்த அறைல பூட்டி வச்சிருக்கேன், பாக்குறீங்களா?" என்றாய். அவன் முகம் சுண்டிப்போனது. "அப்ப நாங்க என்ன மேடம் செய்யணும்?" என்று கேட்டான். "ஒரு வாரம் பெட்டியத் தொறக்காதீக. பிள்ளைகளோட வகுப்புல உக்காருங்க. அதுக என்ன கேக்குதுகன்னு பாருங்க. பெறகு நீங்களும் நானும் உக்காந்து பேசுவோம்." பெரிய படிப்புப் படித்தவன் எழுந்து போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் போகவில்லை. ஒரு வாரம் ஏழாம் வகுப்புத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். வெயிலில் மூக்குத் தோல் உரிந்துபோனது. அந்த வாரக் கடைசியில் பிள்ளைகள் கேட்ட கேள்விதான் எல்லாவற்றுக்கும் வித்து: ஒரே ஊரில் ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரும் ஏன் ஒவ்வொரு ருசியாக இருக்கிறது?

அவன் சென்னைக்குப் போய், சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி செய்து வந்தான். அதிலிருந்து தொங்கும் கம்பியைத் தண்ணீரில் விட்டால் உப்பு எவ்வளவு என்று காட்டும். பிள்ளைகள் ஊர்ப் படம் வரைந்து, கிணற்றுக்குக் கிணறு நிறம் வைத்தார்கள். நல்ல தண்ணீருக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், உப்புக்குச் சிவப்பு. கணக்கும் அறிவியலும் பூகோளமும் அந்தப் படத்தை வைத்தே நடந்தன. பிள்ளைகள் மணி அடித்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். இதில் கூட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. முகிலன் செய்த பெட்டியில் எது சரியில்லை என்று நீ சொல்வதும், நீ நடத்தும் பாடத்தில் எது புரியவில்லை என்று அவன் சொல்வதும், இருவரும் கோபப்படாமல் மறுநாள் அதைத் திருத்திக்கொண்டு வருவதும் எனக்கு அதிசயமாக இருந்தது. எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. நானும் செய்ததில்லை.

பாதுகாப்புக்காக ஒரு ஏற்பாடு செய்தாய். கைப்பிடிச் சுவர் இடிந்த கிணறுகள் பல. பிள்ளைகள் எட்டிப் பார்த்து விழுந்துவிடக் கூடாது. யாராவது பெரியவர் தண்ணீர் மொண்டு, கிணற்றுப் பெயர் எழுதிய பாட்டில்களில் நிரப்பி வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்றாய். நான் முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். "நான் இருக்கேன்ல! எல்லாக் கெணத்துக்கும் எனக்கு வழி தெரியும்" என்றேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பில் இருந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போது சோறு இறங்கவில்லை.

பதினோரு பாட்டில்களை ஒழுங்காகத்தான் நிரப்பினேன். ஊர்க் கிணறு என்று எழுதியிருந்த பாட்டிலை மட்டும் நிரப்பவில்லை. விடியற்காலம் மொபெட்டில் ஒரு கேனைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். அலைக்கு இந்தப் பக்கம் மணலில் தோண்டி வைத்திருக்கிறார்களே ஊற்று, அதிலிருந்து கண்ணாடி மாதிரி இருந்த நல்ல தண்ணீரை மொண்டு வந்து, அதைத்தான் அந்தப் பாட்டிலில் ஊற்றினேன். படத்தில் ஊர்க் கிணறு பச்சையாகிவிட்டது. உனக்குச் சந்தேகமே வரவில்லை. நீ சிறுபிள்ளையாய் அதில் குடித்தபோது அது நல்ல தண்ணீர்தான். குழாய் வந்த பிறகு அதில் யாரும் குடிப்பதில்லை. நீயும் டவுனுக்குக் குடிபோய்விட்டாய். கொஞ்சம் கொஞ்சமாக அது உப்பாகிப்போனது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். பெண் கொடுக்கல் வாங்கல் எல்லா வீட்டிலும் இருக்கிறது. உப்புத் தண்ணீர் ஊர் என்று பெயர் விழுந்தால் பெண் வராது. அதனால் படத்தைப் பார்த்தவர்கள் தாடியைச் சொறிந்துகொண்டு சும்மா இருந்தார்கள்.

என் மகனுக்கு, உன் தம்பிக்கு, வைகைக் கரைப் பக்கத்தில் பெண் பேசிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். வீடு பார்க்க வந்த அன்று பெண்ணின் அத்தை, காபியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் அசை போட்டது. "கொழாத் தண்ணி சரி. ஒங்க ஊருக் கெணறு எப்பிடி அண்ணே?" என்று கேட்டது. "தேன் கணக்கா இருக்கும் தங்கச்சி" என்றேன். பிள்ளைகளின் படம் ஆளுக்கு ஆள் போனில் போகிற காலம் இது. அதில் நம் ஊருக்கு நடுவே சிவப்புப் பொட்டு இருந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். இப்படித்தான் இத்தனை நாளும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காளீஸ்வரி இடையில் வந்தாள். ஊர்க் கிணற்றுக்குப் பின்வீட்டுப் பிள்ளை, உன் ஏழாம் வகுப்பு. ஒரு சனிக்கிழமை நீ அவளிடம் பெட்டியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாய். அவள் வாளியில் கிணற்றுத் தண்ணீரை மொண்டு அளந்தாள். சிவப்பு. மூன்று முறை அளந்தாள், மூன்று முறையும் சிவப்பு. திங்கள்கிழமை வகுப்பில் எழுந்து நின்று சொன்னாள். நானும் அன்று அங்கேதான் இருந்தேன். நீ என்னிடம் இன்னொரு பாட்டில் கேட்டாய். நான் மறுபடியும் கடற்கரைக்குப் போனேன். மறுநாள் அதே பெட்டி, அதே கம்பி, பச்சை காட்டியது. முகிலனுக்குத் தலை சுற்றியது. "பெட்டி சரியாத்தான் இருக்கு. அப்பறம் எப்படி?" என்று கேட்டான். அப்போதுதான் என் வாய் தானாகத் திறந்தது. "இதுல என்ன தம்பி இருக்கு? அதுக ஆத்தா உப்பளத்துல கெடந்து சாகுது. புள்ள கையெல்லாம் உப்பு. கையக் கழுவாமத் தொட்டிருக்கும்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. ஆனாலும் அவளிடம் மெதுவாக, "கழுவிட்டுத்தான அளந்த?" என்று கேட்டாய். அவள் உள்ளங்கை இரண்டையும் பாவாடையில் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு வகுப்பில் பெயர் 'உப்புக்கை'. அவள் பெட்டியைத் தொட வந்தால் மற்றப் பிள்ளைகள், "ஏ உப்புக்க, தள்ளிப் போ!" என்கிறார்களாம். நீர்க் குழுவுக்கு அவள் வருவதை நிறுத்திவிட்டாள் என்றும், சென்னைக்குப் போகும் நான்கு பிள்ளைகளில் அவள் பெயரை எடுத்துவிட்டாய் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். அழிக்கப்பட்ட அவளுடைய சிவப்புப் பொட்டின் தடம் வகுப்புப் படத்தில் இன்னும் இருக்கிறது.

அதோடு போயிருந்தாலாவது பிள்ளைக்கு மட்டும்தான் தீங்கு என்று இருக்கும். போன வாரம் முகிலன் என்னிடம் குஷியாகச் சொன்னான்: "ஐயா, ஒங்க ஊர்ல நடந்த தப்புல இருந்து ஒரு நல்ல விஷயம் கத்துக்கிட்டோம். இனிமே பழைய அளவுக்கு ரொம்பத் தள்ளி ஒரு அளவு வந்தா, பெட்டியே 'தவறு'ன்னு சொல்லித் தள்ளிரும்." அந்தப் பெட்டிகள் மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் போகப் போகின்றனவாம். சென்னைக் கூட்டத்தில் தலைமையாசிரியர்கள், ஆராய்ச்சிக்காரர்கள் முன்னால் நீ இதைத்தான் எடுத்துச் சொல்லப் போகிறாயாம். அதைக் கேட்டதிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஏதோ ஒரு ஊரில் ஒரு கிணறு உப்பாகும். ஏதோ ஒரு பிள்ளை அதைச் சரியாக அளக்கும். பெட்டி அதைத் தவறு என்று சொல்லும். அந்த ஊர் டீச்சரும் கையைக் கழுவினாயா என்று கேட்பார். அத்தனைக்கும் நம் ஊர்ப் பாட்டில்தான் காரணமாக இருக்கும், மேடையில் சொன்னது நீயாக இருப்பாய்.

இன்று காலை பயம் தாங்காமல் முதல் வேலையாகப் பெண் வீட்டுக்கு போன் போட்டேன். அந்த அத்தைதான் எடுத்தது. "தங்கச்சி, ஒங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். எங்க ஊர்க் கெணறு உப்பு" என்றேன். அந்தப் பக்கம் அது சிரித்துவிட்டது. பிறகு, "அண்ணே, அன்னைக்கே ஒங்க ஊர்ல எறங்கினதும் பஸ் ஸ்டாப்புல விசாரிச்சுட்டுத்தான் வந்தோம். கொழாத் தண்ணி வருதுல்ல? பெறகு எதுக்கு இம்புட்டு வெளக்கம்? மாப்பிள்ளை குடிப்பாரான்னு மட்டும் சொல்லுங்க" என்றது. குடிக்க மாட்டான் என்று சொல்லி வைத்தேன். அது உண்மைதான், நீயே அறிவாய்.

போனை வைத்த பிறகு எனக்கு வேறு சாக்கு இல்லாமல் போயிற்று. தம்பி கல்யாணத்துக்காகச் செய்தேன் என்று இனி சொல்ல முடியாது. உண்மை என்ன தெரியுமா, அந்தக் கிணறு என்னுடையது. வேப்பங்கவட்டையைக் கையில் பிடித்து நடந்து, அது சுழன்ற இடத்தில் மண்வெட்டியால் கோடு போட்டு, இங்கன தோண்டு என்று இருபத்தைந்து வயதில் சொன்னவன் நான். நல்ல தண்ணீர் வந்தபோது ஊரே எனக்கு மாலை போட்டது. ஒரு மாலைதான், நான் மூன்று என்று சொல்லி வந்திருக்கிறேன். கவட்டை தானாகச் சுழலவும் இல்லை. பக்கத்தில் நாணல் செழிப்பாக இருந்ததைப் பார்த்துவிட்டு நான்தான் சுழற்றினேன். அன்றிலிருந்து என்னை நீரோட்டம் பார்க்கிறவர் என்றார்கள். படிக்காதவனுக்கு அது ஒன்றுதான் பட்டம். சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் சேர்ந்து அதை எடுத்துவிடுமோ என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம்.

தாயி, நீ என் மேல் கோபப்படு. கூடவே உன்னிடமும் ஒன்று சொல்கிறேன், பெற்றவன் இடத்தில் இருந்து. பிள்ளை சிவப்பு என்றதும் பத்து நிமிஷம் நடந்தால் கிணறு. நீ நடக்கவில்லை, என்னிடம் பாட்டில் கேட்டாய். முகிலனும் நடக்கவில்லை, பெட்டியைத் திருத்தினான். நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் எவ்வளவு கேள்வி கேட்டீர்கள்! என்னை மட்டும் கேட்கவில்லை. வயதானவர், சொந்தக்காரர், இவ்வளவு சத்தமாகப் பேசுகிறவர் பொய் சொல்லமாட்டார் என்று விட்டுவிட்டீர்கள். இனி எந்த ஊருக்குப் போய் எந்தப் பெரியவர் தண்ணீர் கொடுத்தாலும், வாங்கிக்கொள், நன்றி சொல், பிறகு கிணற்றுக்கு நடந்து போ. சென்னையில் அந்தத் தலைமையாசிரியர்களுக்கும் இதைத்தான் நீ சொல்ல வேண்டும். சொன்னால் உனக்குத் தலைகுனிவு வரும். முகிலன் மறுபடி முதலிலிருந்து வேலை செய்ய வேண்டி வரும். உங்கள் கூட்டே முறிந்துபோகுமோ என்றும் எனக்குத் திகிலாக இருக்கிறது. ஆனால் ஒரு வாரம் தரையில் உட்கார்ந்தவன் இதற்காக எழுந்து போகமாட்டான் என்று ஒரு நப்பாசை.

சாயங்காலம் காளீஸ்வரி வீட்டுக்குப் போனேன். அவள் ஆத்தா அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்து, வெடித்த பாதத்தில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டாமல் சொன்னேன். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும், நான் டீச்சரிடம் பேசுகிறேன், சென்னைக்கு அவளையும் அனுப்பிவை என்றேன். அந்த அம்மா எண்ணெய்க் கையோடு நிமிர்ந்து பார்த்தது. "பெரியவரே, எம் புள்ள பத்து நாளா ராப்பகலா கையக் கழுவுது. கழுவிக் கழுவித் தோலு வெளுத்துப்போச்சு. நீங்க இப்ப வந்து நின்னு, அது உப்பு இல்ல, நான் சொன்ன பொய்யிங்கிறீக. நீங்க சொல்றத இன்னைக்கு மட்டும் எப்பிடி நம்பறது? டீச்சரம்மா வரட்டும். வந்து எம் புள்ள மொகத்தப் பாத்துச் சொல்லட்டும். பெறகு பாப்போம்" என்றது. நான் திரும்பி நடந்தபோது பிள்ளை ஓடி வந்து, "தாத்தா, அப்ப மூணு தடவையும் சரியாத்தான் அளந்தேனா?" என்று கேட்டாள். "சரியாத்தான் அளந்தே ஆத்தா" என்றேன். அவள் முகம் மலரவில்லை. உன் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். நாளை பள்ளிக்கூடம் விட்டதும் டவுனுக்குப் போகாதே, நம் வீட்டிலேயே தங்கிவிடு. வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கெல்லாம் உப்பளத்து வேன் வந்து அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்கு முன்னால் அந்த வீட்டு வாசலில் நீ நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் இருக்கிற பெட்டியை எடுத்துக்கொண்டு போ. அவள் மொண்டு, அவள் அளக்கட்டும், நீ பக்கத்தில் நின்று பார். என்ன நிறம் வருகிறதோ அதை அவள் கையாலேயே படத்தில் வைக்கச் சொல். பிறகு சாயங்கால ரயிலில் அவளுக்கு ஓர் இடம் கேள். தெரு முனைவரை வழி காட்ட வருகிறேன். அதற்கு மேல் நீ மட்டும் போ, மகளே. நான் கூட வந்தால் அங்கேயும் எதையாவது கூட்டிச் சொல்லிவிடுவேன்.

உன் சித்தப்பன்